லண்டன் ஆப்பிரிக்கா சென்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் நண்பர்களிடம் தேம்ஸ் நதியின் தென்கரையில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று சொல்லும்போது ஆப்பிரிக்கா சென்டரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். உடனே கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஆப்பிரிக்கா சென்டர் என்பது என்ன? அருங்காட்சியகமா?

இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முகமூடிகளை வைத்துக் காட்டும் இடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது ஓர் அறக்கட்டளை. 1961-இல் தொடங்கப்பட்டது, 1964 முதல் மக்களுக்குத் திறந்திருந்தது. ஓவியக் கண்காட்சி, புத்தக வெளியீடு, அரசியல் விவாதம், இசை, சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பதே அதன் எண்ணம். முதல் ஐம்பது ஆண்டுகள் நகரின் நடுவே கோவென்ட் கார்டனில், கிங் ஸ்ட்ரீட் 38-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. 2022 முதல் சதர்க் பகுதியில், கிரேட் சஃபோக் ஸ்ட்ரீட் 66-ஆம் எண்ணில் இருக்கிறது.

ஆப்பிரிக்கர்களுக்கென்று லண்டனில் தனியாக ஓர் இடம் எதற்குத் தேவைப்பட்டது?

முதல் காரணம், தங்க இடம் கிடைக்கவில்லை என்பது. சட்டமும் மருத்துவமும் படிக்க மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவர்கள் வாடகை அறை தேடி வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் அது. தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவை மூடுவதைத் தடுக்க அப்போது சட்டம் கிடையாது. பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் 1965-இல்தான் வந்தது. அதிலும் வீட்டு வாடகை சேரவில்லை; 1968-இல் கொண்டுவந்த சட்டத்தில்தான் சேர்த்தார்கள்.

ஆகவே மாணவர்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். நைஜீரியாவிலிருந்து சட்டம் படிக்க வந்த லடிப்போ சொலாங்கே முன்னின்று 1925-இல் மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தை நிறுவினார். 1933-இல் அந்தச் சங்கம் கேம்டன் பகுதியில் ஒரு விடுதியைத் திறந்தது. ஊர்ச் சாப்பாடு, ஊர்ப் பேச்சு, கூடவே காலனி ஆட்சிக்கு எதிரான அரசியல் எல்லாம் அங்கே கிடைத்தன. பின்னாளில் கானாவின் தலைவரான குவாமே நிக்ருமா போன்றவர்கள் நடமாடிய வட்டம் அது.

இங்கே ஒரு சுவையான சச்சரவு உண்டு. சங்கத்து மாணவர்கள் அரசியலில் முற்றிப் போவதைக் கண்டு காலனித்துறை அலுவலகம் கவலைப்பட்டது. அதன் ஆதரவோடு 1934-இல் ஆக்ரி ஹவுஸ் என்ற போட்டி விடுதி ஒன்று வந்தது. வசதியான விடுதிதான். ஆனால் அரசு பணம் கொடுக்கும் இடத்தில் அரசைத் திட்ட முடியுமா? சங்கம் அதைப் புறக்கணிக்கச் சொன்னது. வீடு யாருடையது என்ற அந்தக் கேள்வி, எண்பது ஆண்டு கழித்து ஆப்பிரிக்கா சென்டரையும் விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைத் தொடங்கியது யார்? கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த கட்டடம் என்கிறார்களே?

மார்கரெட் ஃபீனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கத்தோலிக்க சமூகப் பணிகளில் இருந்தவர். 1960-ஆம் ஆண்டில் மட்டும் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. புதிய நாடுகளின் அமைச்சர்களும் தூதர்களும் மாணவர்களும் லண்டனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் லண்டன்காரர்களோடு சமமாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். கிங் ஸ்ட்ரீட் கட்டடத்தை வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் 1962-இல் ஆப்பிரிக்க மக்களுக்கு என்றென்றைக்குமாக வழங்கினார். 1964-இல் கென்னத் கவுண்டா திறந்துவைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று சாம்பியா விடுதலை பெற்றது. அவர் அதன் முதல் குடியரசுத் தலைவர்.

மதமாற்ற உள்நோக்கம் இருந்ததா என்று பலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மையத்தின் வரலாற்றில் அதற்கான தடம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒலிபெருக்கி அதிர நடனமாடும் கூட்டத்துக்கு மண்டபத்தை விட்ட இடம் அது. ஜெபக்கூட்டத்துக்குப் பேர்போன இடமல்ல. ஃபீனி 1978 வரை இயக்குநராக இருந்தார்.

அந்தக் கிங் ஸ்ட்ரீட் முகவரிக்கு அதற்கு முன்பே ஆப்பிரிக்கத் தொடர்பு உண்டாமே?

உண்டு. கேட்டால் வயிற்றைப் பிசையும் தொடர்பு. கிங் ஸ்ட்ரீட் 38 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஸ்டீவன்ஸ் ஏலக்கூடத்தின் முகவரி. பறவைத் தோல், வண்ணத்துப்பூச்சி, அற்றுப்போன பெரிய ஆக் பறவையின் முட்டை என இயற்கை விநோதங்களை ஏலம் விடுவதில் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்ற கூடம். பேரரசு விரிந்தபோது பிற மக்களின் ஆயுதங்களும் வழிபாட்டுப் பொருள்களும் அங்கே ஏலத்துக்கு வந்தன.

1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்தைத் தாக்கி எரித்து, அரண்மனையிலிருந்த வெண்கலத் தகடுகளையும் தந்தச் சிற்பங்களையும் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு வந்தது. அப்படி வந்தவற்றில் ஒரு பகுதி இந்த ஏலக்கூடத்தில் விலை பேசப்பட்டது. கொள்ளையடித்த பொருளை விற்ற முகவரியே பின்னாளில் ஆப்பிரிக்க மக்களுக்குக் கொடையாக வந்தது. கொடுத்தவர்கள் இதை எண்ணிக் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

பெனின் பொருள்களில் பெரும்பகுதி இன்னும் மேற்கத்திய அருங்காட்சியகங்களில்தான் இருக்கிறது. தென் லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022 நவம்பரில் தன்னிடமிருந்த 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், சட்டம் இடம் கொடுக்கவில்லை என்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடந்தது?

கூட்ட அழைப்பிதழ்களை மட்டும் பார்த்தால் கருத்தரங்கு, சொற்பொழிவு, மொழி வகுப்பு என்று இருக்கும். ஆனால் அங்கே போய்ப் பழகியவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது மதுக்கூடத்தையும் அடித்தளத்துச் சாப்பாட்டுக் கடையையும்தான். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டுட்டுவும் தாபோ எம்பெக்கியும் அந்த மதுக்கூடத்தில் சந்தித்துப் பேசியதை மையத்தின் கதையைச் சொல்பவர்கள் விடாமல் குறிப்பிடுவார்கள். ஒருவர் பாதிரியார், மற்றவர் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் ஆள். சொந்த நாட்டில் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் காவல்துறை வந்து நிற்கும். லண்டனிலும் முழுப் பாதுகாப்பு இல்லை: அந்த இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் லண்டன் அலுவலகத்தில் 1982 மார்ச்சில் குண்டு வெடித்தது. இருந்தாலும் ஒரு பொது மதுக்கூடத்தில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக உட்காரலாம். யார் யாரோடு பேசினார்கள் என்று குறிப்பெடுப்பது கடினம்.

அடித்தளத்தில் கலபாஷ் என்ற உணவகம் இருந்தது. மத்திய லண்டனின் முதல் ஆப்பிரிக்க உணவகங்களில் ஒன்று. ஒரே பட்டியலில் கண்டத்தின் பல மூலைகளையும் அடக்க முயன்ற சமையலறை அது. இதனால் யாருக்கும் முழுத் திருப்தி இருந்திருக்காது என்பது என் ஊகம். தன் அம்மா செய்வதுபோல் இல்லை என்று நைஜீரியரும் சொல்லியிருப்பார், எத்தியோப்பியரும் சொல்லியிருப்பார். ஆனால் நாடகம் பார்க்கப் போகிற வழியில் நுழைந்த ஓர் ஆங்கிலேயர் தன் வாழ்நாளில் முதன்முறையாக நிலக்கடலைக் குழம்பைச் சாப்பிட்டது அங்கேதான். இன்னொரு பக்கம் புத்தகக் கடை. மொசாம்பிக்கின் பெரும் ஓவியர் மலங்கத்தானா தீட்டிய சுவரோவியம் ஒன்றும் அந்தக் கட்டடத்தில் இருந்தது.

பிறகு 1980கள். ஜிம்பாப்வேயைச் சேர்ந்த வாலா டங்கா வெள்ளிக்கிழமை இரவுகளில் லிம்போப்போ கிளப் என்ற இசை நிகழ்ச்சியை நடத்தினார். ஆப்பிரிக்க இசைக்குழுக்கள் லண்டன் வந்தால் வாசிக்கும் மேடைகளில் அது முக்கியமானது. ஞாயிற்றுக்கிழமை இரவுகள் சோல் டு சோல் குழுவுடையவை. ஜாஸி பி தலைமையில், சொந்தமாகக் கட்டிய பெரிய ஒலிபெருக்கிகளோடு வந்த வட லண்டன் இளைஞர்கள். வெஸ்ட் எண்ட் இரவு விடுதிகள் கறுப்பு இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், இந்த மண்டபத்துக்கு வெளியே வரிசை தெருவைச் சுற்றி நின்றது. அங்கே தேறிய தாளம்தான் 1989-இல் பிரிட்டனின் முதலிடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு கிராமி விருதுகளையும் வாங்கியது.

மேலே விவாதம், கீழே சாப்பாடு, வார இறுதியில் ஆட்டம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, விவாதம்தான் பண்பாடு, மற்றதெல்லாம் வருமானத்துக்காக என்று நிர்வாகிகள் எழுதுவதுண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மதுக்கூடத்தை எடுத்துவிட்டால் டுட்டுவும் எம்பெக்கியும் பேச உட்காரும் மேசையும் போய்விடும்.

ஜாஸி பியின் பெற்றோர் கரீபியத் தீவுக்காரர்கள்தானே? ஆப்பிரிக்கரும் கரீபியரும் ஒன்றா?

ஆம், ஆன்டிகுவாத் தீவினர். ஒன்று என்று சொன்னால் இரு தரப்பும் சண்டைக்கு வருவார்கள். வேறு என்று சொன்னாலும் வருவார்கள்.

சுருக்கமாக: 1948 ஜூன் 22 அன்று விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களும் தொடர்ந்து வந்தவர்களும் பெரும்பாலும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஆப்பிரிக்கர்கள் முதலில் மாணவர்களாக வந்தார்கள், படித்து முடித்துத் திரும்பிவிடும் எண்ணத்தோடு. உள்நாட்டுப் போர், ராணுவ ஆட்சி, பொருளாதாரச் சரிவு என ஒவ்வொன்றாக வந்தபோது பலர் திரும்பவில்லை; உறவினர்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஒரு காலத்தில் கரீபியப் பிள்ளைகள் ஆப்பிரிக்கப் பிள்ளைகளைக் கேலி செய்ததை இன்று ஐம்பது வயதைத் தொட்டவர்கள் கசப்போடு நினைவுகூர்வார்கள். இன்று நிலைமை தலைகீழ். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் தங்களைக் கறுப்பு ஆப்பிரிக்கர் என்று குறித்தவர்கள் 2011-இல் சுமார் 9.9 லட்சம்; 2021-இல் சுமார் 15 லட்சம். கரீபியரைவிட இரு மடங்குக்கு மேல்.

கரீபிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர் பிரிட்டனில் வாழ்ந்த வரலாற்றை ஆவணங்களாகப் பார்க்க வேண்டுமானால் பிரிக்ஸ்டனில் உள்ள பிளாக் கல்ச்சுரல் ஆர்க்கைவ்ஸ் போங்கள். 1981-இல் தொடங்கிய அமைப்பு. 2014 முதல் விண்ட்ரஷ் சதுக்கத்தில் சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது.

என்றென்றைக்குமாகக் கொடுத்த கட்டடத்தை எப்படி விற்றார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகக் கோபத்தோடு பதில்கள் கிடைக்கும்.

1964-இல் கோவென்ட் கார்டன் காய்கனி மொத்தச் சந்தை. விடியற்காலையில் முட்டைக்கோஸ் இலை மிதிபடும் தெருக்கள். 1974-இல் சந்தை நைன் எல்ம்ஸ் பகுதிக்கு இடம் மாறியது. பழைய சந்தைக் கட்டடங்கள் கடைகளும் காப்பிக் கடைகளுமாக மாறின. சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். நிலத்தின் விலை எங்கேயோ போயிற்று. நடுவில் ஒரு பழைய கட்டடம். பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் நினைத்தபடி இடித்துக் கட்டவும் முடியாது. பழுதுபார்க்கப் பெரும் பணம் வேண்டும். அறக்கட்டளையிடம் பணம் இல்லை. 1990களுக்குப் பிறகு மையத்தின் பழைய களை மங்கிக்கொண்டே வந்தது.

அறங்காவலர்கள் 2010களின் தொடக்கத்தில் கட்டடத்தை அந்தப் பகுதியின் பெரிய நில நிறுவனத்திடம் ஒப்படைத்து, கிடைக்கும் பணத்தில் வேறிடத்தில் புதிதாகத் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆப்பிரிக்க மக்களுக்கென்று கொடுத்ததை விற்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். நிதி திரட்டிப் புதுப்பிக்கலாம் என்றார்கள். கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். விற்பனை நிற்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், விற்ற நாளில் அவர்களுக்கு வேறு வழி அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. தவறு அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இருக்கிறது. கையில் கட்டடம் இருக்கிறது என்ற நிம்மதியில் அதைப் பராமரிக்க ஒரு நிதியைச் சேர்த்துவைக்காமல் போனதுதான் அது. வாடகை ஏறும் நகரத்தில் சொந்தக் கூரை இருப்பது பெரிய பலம். ஆனால் கூரைக்கும் செலவு உண்டு. சங்கக் கட்டடம் வாங்க நன்கொடை கேட்டால் எல்லோரும் தருவார்கள், கல்வெட்டில் பெயர் வரும். பத்தாண்டு கழித்து குழாய் மாற்றக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். புலம்பெயர்ந்த நம்மவர் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தவர்களின் வாதத்தில் எனக்கு மறுக்க முடியாதது ஒன்றுதான்: நகரின் நடுவில் இருப்பதற்கே ஒரு பொருள் உண்டு. குடியேறியவர்களின் பண்பாட்டுக்கு நகரங்கள் வழக்கமாக ஒதுக்கும் இடம் புறநகர்தான். ஆப்பிரிக்கா சென்டர் ராயல் ஓப்பராவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது.

புதிய கட்டடம் எப்படி இருக்கிறது?

நன்றாக இருக்கிறது. சதர்க்கில் இருந்த ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தை வாங்கி ஃப்ரீஹவுஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் மாற்றியமைத்தது. உள் அலங்காரம் டோலா ஓஜுவோலாப்பே. லண்டன் மேயரின் வளர்ச்சி நிதியிலிருந்தும் பணம் வந்தது. மண் நிறச் சுவர்கள், அளவான வெளிச்சம். கண்காட்சிக் கூடம், உணவகத்துக்கும் மதுக்கூடத்துக்கும் இடம், நிகழ்ச்சி அரங்கு. இடத்தேர்விலும் குறை சொல்ல முடியாது: ஆப்பிரிக்க வம்சாவளியினர் மிக அதிக விகிதத்தில் வாழும் லண்டன் பகுதிகளில் சதர்க் ஒன்று, டேட் மாடர்ன் கலைக்கூடமும் நடந்துபோகும் தூரம். வாலா டங்காவின் வெள்ளிக்கிழமை வியர்வை வாடை இங்கே இல்லை என்று பழைய ஆட்கள் குறைப்படுவார்கள். புதிய கட்டடத்துக்கு வயது வரட்டும்.

ஆப்பிரிக்கப் பண்பாடு என்று ஒன்று உண்டா? ஆப்பிரிக்கா ஒரு நாடு அல்லவே?

ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 உறுப்பு நாடுகள். மொழிகளின் எண்ணிக்கை ஈராயிரத்தைத் தொடும். லாகோஸிலிருந்து வந்த யோருபாக்காரரும் அஸ்மாராவிலிருந்து வந்த திக்ரினியா பேசுபவரும் தங்கள் கண்டத்தில் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை. பெரும்பாலும் லண்டன் பேருந்தில்தான் சந்திக்கிறார்கள். ஆக, ஆப்பிரிக்கர் என்ற அடையாளமே ஓரளவுக்கு ஐரோப்பிய நகரங்களில் விளைந்தது. கானாவின் நிக்ருமாவும் கென்யாவின் கென்யாட்டாவும் 1945 அக்டோபரில் ஒரே மாநாட்டில் கூடியது ஆப்பிரிக்காவில் அல்ல, மான்செஸ்டரில்.

மையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்தால் நைஜீரியா, கானா பக்கமே கனம் கூடுதலாகத் தெரியும். லண்டனின் மக்கள்தொகையும் வரலாறும் அப்படி. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்காவைப் பார்க்க பாரிஸும் பிரஸ்ஸல்ஸும்தான் சரி.

சாப்பாடு? குறிப்பாக, சைவம் கிடைக்குமா?

மையம் புதிய இடத்தில் திறந்தபோது டடாலே என்ற உணவகம் இருந்தது; கானாவில் நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சுடும் பலகாரத்தின் பெயர் அது. உணவகங்கள் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே மையத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பெக்கமின் ரை லேன் வரை போய்வரச் சொல்வேன். கடைவாசலில் சேனை அளவுக்குக் கிழங்குகள், வாழைக்காய், கருவாடு, கட்டுக்கட்டாகக் கீரை. வெண்டைக்காய்க்காக வேறெங்கும் அலைய வேண்டாம். அதன் பூர்வீகமே ஆப்பிரிக்கா என்பது பலரின் கருத்து.

ஜொலோஃப் சோறு எல்லோருக்கும் தெரிந்தது: தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் அரைத்த விழுதில் வேகும் அரிசி. நைஜீரியாவுடையது சிறந்ததா, கானாவுடையதா என்ற சண்டையில் தலையிடாதீர்கள். பெயர் செனகல் பகுதியின் வோலோஃப் மக்களுடையது. அந்நாட்டின் மீன்சோறான செபு ஜென் 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தபோது செனகல்காரர்கள் வழக்கு தங்கள் பக்கம் தீர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஃபுஃபு வேறு ரகம். மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து இடித்துத் திரட்டியது. நம் ஊர்க் களியை உண்ணத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்: வலக்கையால் சிறு உருண்டை கிள்ளி, குழியாக்கி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் கீரைக் குழம்பு என்று பெயர் இருந்தாலும் உலர்ந்த இறால் பொடியோ புகையூட்டிய மீனோ உள்ளே இருக்கும். கேட்டால் இறைச்சி இல்லை என்பார்கள். அது உண்மைதான், அவர்கள் கணக்கில் இறால் பொடி இறைச்சி அல்ல. இறால், மீன், கோழிச்சாறுக் கட்டி மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கானாவின் ரெட் ரெட் என்னும் பாமாயிலில் சமைத்த தட்டைப்பயறும் பொரித்த வாழைப்பழமும், மீன் சேர்க்காவிட்டால், நமக்குப் பொருந்தும். ஒன்றும் யோசிக்காமல் சாப்பிட வேண்டுமானால் எத்தியோப்பிய, எரித்திரிய உணவகம் போய் நோன்புச் சாப்பாடு கேளுங்கள். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளியிலும் நீண்ட நோன்புக் காலங்களிலும் புலால், பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். புளித்த மாவில் சுட்ட பெரிய இன்ஜெராவின் மேல் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை என வட்டமாக வைத்துத் தருவார்கள். பிறகு காப்பி. மூன்று சுற்று ஊற்றுவது மரபு. முதல் சுற்றோடு எழுந்து போனால் வீட்டுக்காரர் மனம் வருந்தும்.

வண்ண வண்ணத் துணிகள் ஆப்பிரிக்காவில் நெய்தவையா?

பல அல்ல. ஆப்பிரிக்கத் துணி என்று உலகம் அடையாளம் காணும் மெழுகு அச்சுத் துணி, ஜாவாத் தீவின் பாத்திக் என்ற மெழுகுச் சாயத் துணியைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் உருவாக்கியது. அதில் பெரும்பெயர் பெற்ற விலிஸ்கோ நிறுவனம் 1846-இல் நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் தொடங்கியது. ஆனால் எந்த நிறம், எந்த உருவம் என்று தீர்மானித்ததும் அதற்குப் பெயர் சூட்டியதும் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைப் பெண்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ஆலையில் துணி தேங்கிவிடும். லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்த கலைஞர் யின்கா ஷோனிபாரே இந்தக் கலப்பையே தன் சிற்பங்களின் பொருளாக்கியவர். 2010-இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் வைத்த, பாட்டிலுக்குள் இருக்கும் நெல்சன் கப்பலின் பாய்களெல்லாம் இந்தத் துணியின் வடிவங்கள்தான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையைச் சுற்றிய ஊர்களில் நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய கட்டம் போட்ட கைத்தறித் துணி, நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களின் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் இன்றும் வேண்டிய பொருள். இக்போ திருமணங்களில் பெண்கள் இடுப்பில் சுற்றும் கனமான ஜார்ஜ் துணியும் சென்னைத் துறைமுக வணிகத்தின் வழிவந்ததே. லண்டனில் நடக்கும் நைஜீரியத் திருமணத்துக்கு அழைப்பு வந்தால் விடாதீர்கள். உறவினர்கள் ஒரே துணியில் உடுத்தியிருப்பார்கள். மணமக்கள் ஆடும்போது நெற்றியில் பணத்தாள் ஒட்டுவார்கள்.

பேச்சிலும் பழக்கத்திலும் கவனிக்க வேண்டியவை?

நமக்கு அதிகச் சிரமம் இல்லை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். ஆன்ட்டி, அங்கிள்தான், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. யோருபா இளைஞர் பெரியவர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுவதையும் பெண்கள் முழந்தாளிடுவதையும் பார்த்து ஆங்கிலேயர்தான் திகைப்பார்கள். நலம் விசாரிக்காமல் நேராகக் காரியத்துக்குப் போவது அங்கே முரட்டுத்தனம். கானாக்காரர் பெயரைக் கேட்டால் பிறந்த கிழமை தெரிந்துவிடும்: கோஃபி வெள்ளிக்கிழமை, குவாமே சனிக்கிழமை.

தவிர்க்க வேண்டிய கேள்வி ஒன்று: சதர்க்கில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் சொந்த ஊர் எது என்று மறுபடி மறுபடி கேட்பது. நம் பிள்ளைகளிடமும் பிறர் இதையேதான் கேட்கிறார்கள்.

இங்கே பிறந்த தலைமுறைக்கு இப்படி ஒரு மையம் தேவையா?

முதல் தலைமுறைக்குத் தேவைப்பட்ட காரணங்களுக்காக அல்ல. அவர்களுக்கு அறை கிடைக்காத சிக்கல் இல்லை, ஊர்ச் செய்தி கைபேசியில் வருகிறது, ஆஃப்ரோபீட்ஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நடன இசை எங்கும் ஒலிக்கிறது. நைஜீரியாவின் பர்னா பாய் 2023 ஜூனில் லண்டன் ஸ்டேடியத்தையே நிரப்பினார். ஆனால் பாட்டு கேட்பவர்கள் எல்லோருக்கும் தாத்தாவின் மொழி தெரியாது. சனிக்கிழமை மொழிப் பள்ளிகளுக்கும் இளம் ஓவியர்களின் முதல் கண்காட்சிக்கும் இசை நிறுவனங்கள் இடம் தருவதில்லை.

மற்ற ஐரோப்பிய நகரங்களில் இதுபோல் உண்டா?

உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பாரிஸில் செனகலின் அலியூன் டியோப் 1947-இல் தொடங்கிய பிரசான்ஸ் ஆஃப்ரிக்கேன் இதழும், அதிலிருந்து வளர்ந்த பதிப்பகமும் புத்தகக் கடையும் இன்றும் மாணவர் பகுதியில் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸில் ஒரு தெருப்பகுதியே மையம்: காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவின் பேட்டை ஒன்றின் பெயரைத் தாங்கிய மத்தோங்கே. அதன் விளிம்பில் 2018 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவின் பெயரில் ஒரு சதுக்கம் திறந்தார்கள். பெல்ஜியம் அதற்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. பெர்லினின் வெடிங் பகுதியில் 2012 முதல் இயங்கும் ஈச் ஒன் டீச் ஒன் என்ற அமைப்பு, கறுப்பினப் பெண்மணி ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களை வைத்து நூலகமாகத் தொடங்கியது.

எப்படிப் போவது? டிக்கெட் உண்டா? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஜூபிலி பாதையில் சதர்க் நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடங்கள். இசைக்கும் சில உரைகளுக்கும் டிக்கெட் வேண்டும். விலை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். நிகழ்ச்சி நிரலை முதலில் பாருங்கள். பகல் நேர நிகழ்ச்சிகளுக்குக் குழந்தைகளோடு போகலாம்; இரவு நேரத்துக்கு வயது வரம்பு இருக்கக்கூடும். பேச்சு நிகழ்ச்சி என்றால் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். பாதி விவாதம் அதற்குப் பிறகுதான் தொடங்கும், கையில் கோப்பையோடு.